பெரிய பாராங் வாங்கப் போறீங்களா, கொஞ்சம் இதைப் படிச்சிட்டு போங்க

பாராங்னா நம்ம மலேசியாவுல கிளை, புதரு வெட்டுற நீட்டு வெட்டுக்கத்தி. கையால அடிச்ச பாராங்னு இப்ப ஆளாளுக்கு வீடியோ போடுறாங்க. தடிக் கட்டைய நிக்க வச்சு ரெண்டே போடுல பொளக்குறது, ஆணிய வெட்டிக் காட்டுறது, தண்ணி பாட்டில சீவுறது. பாக்க நல்லாத்தான் இருக்கு, ஆனா யாருங்க வீட்டுல ஆணி வெட்ட பாராங் வாங்குறா? தடிக் கட்டைக்கு செயின்சா இருக்கு. பாராங்குக்கு உள்ள வேலை கிளை கழிக்கிறது, மூங்கில், செம்பனை (எண்ணெய்ப்பனை) மட்டை, வேலியோரப் புதரு, அதுவும் வெயில்ல மணிக்கணக்கா.

நான் இருக்குறது சிலாங்கூர்ல பெஸ்தாரி ஜெயா, பெருசுங்களுக்கு இன்னும் பழைய பேரு பத்தாங் பெர்ஜுந்தைதான். 1917ல நாட்டுலயே முதல் தடவையா செம்பனைய வியாபாரத்துக்குன்னு நட்ட தென்னமரம் எஸ்டேட் இங்கதான் இருக்கு. பாராங் இல்லாத வீடு எங்க ஊர்ல கம்மி. ஆனா குலை இறக்க யாரும் அதைத் தூக்க மாட்டாங்க, குட்டை மரத்துக்கு உளி, உசந்த மரத்துக்கு நீட்டுக் கம்புல மாட்டுன அருவா, பாராங்கெல்லாம் கீழ வந்த மட்டைக்குத்தான்.

என்னுது லோரி ஸ்ப்ரிங் பட்டையில அடிச்சது, வாய் மட்டும் 18 இஞ்ச், 200 வெள்ளிக்கு (ரிங்கிட்) மேல ஆச்சு. ஸ்ப்ரிங் பட்டையில கார்பன் 0.6 சதவீதம் பக்கம் இருக்கும், அதனால வாய் நல்லா கெட்டியாகும், அதே நேரம் கண்ணாடி மாதிரி ஒடியாது. ஆனா இரும்பு மட்டும் நல்லா இருந்து பிரயோஜனமில்ல, பழுக்கக் காச்சி முக்குனதுக்கு அப்புறம் திரும்ப அளவா சூடு காட்டி பதம் இறக்கணும், அதுலதான் கொல்லரோட கை தெரியும். அதை விட்டுட்டு பளபளப்பையும் பிடியில செதுக்குன பூவையும் பாத்து காசு குடுக்குறவங்கள என்ன சொல்றது லா.

போன மாசம் பேய்க்காத்துல வீட்டுக்குப் பின்னால பழைய பால் மரம் (ரப்பர் மரம்) ஒண்ணு சாஞ்சிடுச்சு. அடிமரத்த செயின்சாகாரர் அறுத்துட்டுப் போயிட்டாரு, கிளையெல்லாம் என் தலையில. பச்சை பால்மரம் மிருதுவான கட்டை, மணிக்கட்டு தடி கிளையெல்லாம் ஒரே போடு, அதைவிடப் பெருசுன்னா ரெண்டு பக்கமும் சாய்ச்சு வெட்டி சில்லு எடுத்தா விட்டுடும். கத்தி கட்டையில சிக்கவே இல்ல, ஏன்னா வாய்க்கு மேல ரெண்டு பக்கமும் லேசா உப்பலா தேய்ச்சிருக்காரு கொல்லர். தட்டையா மெல்லிசா தேய்ச்ச கத்தி ஆழமாப் போகும், அப்புறம் காலை வச்சு மிதிச்சுத்தான் புடுங்கணும். இந்த வேலைக்கு நீட்டுக் கத்திதான், இதுல நான் யாரோடயும் வாதாட ரெடி.

அப்புறம் மூங்கில். மூங்கில் தோல்ல சிலிக்கா இருக்கு, கூர்மைய சத்தமில்லாம தின்னுடும். ஒரு புதரு முடிக்கிறதுக்குள்ள வாய் மழுங்கிடுச்சு, ஆனா மடங்கல, பல்லும் விழல. அரம் வச்சு கொஞ்சம் இழுத்து கல்லுல தேய்ச்சதும் திரும்ப வந்துடுச்சு. எனக்கு இதான் பெரிய விஷயம், மழுங்குறது எந்த இரும்புக்கும் உள்ளதுதான், பல்லு விழுந்தா நாள் முழுக்க தேய்க்கணும்.

செம்பனை மட்டையிலதான் கதை மாறுச்சு. ஒரே நாரு, நேரா குறுக்க போட்டா கத்தி பாதியிலயே நிக்கும், சாய்ச்சு இழுத்து வெட்டணும். அப்படி வெட்ட மணிக்கட்டு வளையணும், 18 இஞ்ச் தலை கனத்த கத்தியில அது கொஞ்ச நேரம்தான் முடியும். தோட்டத்துல வேலை செஞ்சு ரிட்டயர் ஆன பக்கத்து வீட்டு ஐயா வந்து கத்திய விரல் மேல வச்சு நிறுத்திப் பாத்தாரு, "தலை ரொம்ப கனம்பா, இன்னும் ஒரு மணி நேரத்துல குந்திடுவே"ன்னாரு. குந்திட்டேன்தான். என் மச்சான் பசார்ல வாங்குன 14 இஞ்ச் சாதா பாராங்க வச்சுக்கிட்டு மிச்ச மட்டையும் வேலியோரமும் எனக்கு முன்னாடி முடிச்சிட்டாரு, அவருக்கு வேர்க்கக்கூட இல்ல.

பெருசா இருந்தா நல்ல கத்தின்னு ஒரு நெனப்பு நம்ம ஆளுங்ககிட்ட இருக்கு பாருங்க, அதைத்தான் சொல்றேன். மொத்த எடை இல்ல, எடை எங்க உக்காந்திருக்குன்னுதான் பாக்கணும். முதுகு பிடிகிட்ட தடியா இருந்து நுனிக்குப் போகப்போக மெலிஞ்சிருந்தா நீட்டுக் கத்திகூட கையில லேசா இருக்கும். என் கத்திக்கு முதுகு கடைசி வரைக்கும் ஒரே தடி, கொல்லருக்கு அடிக்க ஈஸி, தூக்கி வெட்டுறவனுக்குத்தான் கஷ்டம்.

பிடி இன்னொண்ணு. கத்தியோட வால சுட்டு மரப்பிடிக்குள்ள இறக்கி பிசின் ஊத்துன மாதிரிதான் நிறைய வரும். அதை வெயில்ல காருக்குள்ள போட்டு வைக்காதீங்க, பிசின் இளகி பிடி ஆட ஆரம்பிச்சிடும், ஆடுற பிடியோட ஓங்குனா கத்தி எங்க பறக்கும்னு சொல்ல முடியாது. காருல எடுத்துட்டுப் போறப்ப உறை போட்டு டிக்கியில வைங்க, போலீஸ் நிறுத்துனா என்ன வேலைக்குப் போறோம்னு பதில் இருக்கணும், ஆயுதம் பத்தின 1958 சட்டம் இங்க விளையாட்டு இல்ல.

அதே கொல்லர்கிட்டதான் அடுத்ததும் சொல்லி இருக்கேன். 14 இஞ்ச், அதே ஸ்ப்ரிங் பட்டை, நுனிக்கு மெலியணும், பிடியோட கடைசி கொஞ்சம் கீழ வளைஞ்சு சுண்டுவிரலுக்கு பிடிமானம் வேணும், பூவெல்லாம் வேணாம். "சின்னதுக்கும் கிட்டத்தட்ட அதே காசுதான்"னாரு, சரின்னுட்டேன்.