எத்தனை பேரைப் பார்த்தார்கள் என்பது மட்டும் கணக்காகாது

மரபணு ஆலோசகர்களின் வேலைப்பளு பற்றிப் பேச்சு எடுத்தாலே அது ஒரே கேள்வியில் வந்து நிற்கிறது: "வாரத்துக்கு எத்தனை பேஷண்ட் பார்க்கிறீர்கள்?" கேட்பவர்கள் மேல் எனக்குக் கோபம் இல்லை. புதுப் பணியிடம் வேண்டும் என்று நிர்வாகத்துக்கு எழுதுபவருக்குக் காட்ட ஏதாவது ஓர் எண் வேண்டும். ஆனால் இந்த எண்ணை நம்பி ஆள் போடுவதும் ஆளைக் குறைப்பதும் நடக்கிறது. அதன் விளைவு கடைசியில் போய்ச் சேருவது நோயாளியிடம். அதனால் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன்.

நானும் இந்த வேலை செய்பவள்தான். துறைக்கு வெளியே இருப்பவர்களுக்காக ஒரு வார்த்தை. குடும்பத்தில் தொடர்ந்து வரும் நோய்கள், கருவில் தெரியவரும் குறைகள், சில வகைப் புற்றுநோய்கள் இவற்றுக்கு மரபணுச் சோதனை தேவையா, எந்தச் சோதனை, முடிவு வந்தால் அதற்கு என்ன அர்த்தம், குடும்பத்தில் வேறு யாரிடம் சொல்ல வேண்டும் என்பதையெல்லாம் உட்கார்ந்து பேசுவது எங்கள் வேலை. 'ஜெனடிக் கவுன்சலிங்' என்ற பெயரை 1947-ல் வைத்தவர் அமெரிக்க மரபியலாளர் ஷெல்டன் ரீட். இதற்கென்றே முதல் முதுகலைப் படிப்பை 1969-ல் அமெரிக்காவின் சாரா லாரன்ஸ் கல்லூரி தொடங்கியது. அந்தக் காலத்து ஆலோசகர் கையில் இருந்தது குடும்ப மரமும், சில குரோமோசோம் சோதனைகளும், அடுத்த குழந்தைக்கு வர வாய்ப்பு 25 விழுக்காடா 50 விழுக்காடா என்ற கணக்கும்தான். இன்று ஒரே ரத்த மாதிரியில் எக்ஸோம், அதாவது புரதம் உருவாக்கும் மரபணுப் பகுதிகள், முழுவதையும் படித்துவிடுகிறார்கள். வேலையை எண்ணும் முறை மட்டும் பழையபடியே தலை எண்ணுவதில் நிற்கிறது.

அப்பாயிண்ட்மென்டுக்கு முன்னால் என்ன நடக்கிறது என்று பாருங்கள். மார்பகப் புற்றுநோய் வந்த ஒரு பெண் வரப்போகிறார் என்று வைத்துக்கொள்வோம். முன்கூட்டியே நிரப்பி அனுப்பிய படிவத்தில் "அத்தைக்கு வயிற்றில் கேன்சர்" என்று எழுதியிருக்கிறார். வயிற்றில் என்றால் எங்கே? இரைப்பையா, பெருங்குடலா, சினைப்பையா? இரைப்பை என்றால், அதுவும் பரவலாக ஊடுருவும் வகை என்றால், சிடிஎச்1 மரபணுவை யோசிக்க வேண்டும். பெருங்குடல் என்றால், அந்தப் புற்றுநோயைக் குடும்பத்தில் தொடர வைக்கும் லிஞ்ச் சிண்ட்ரோம் நினைவுக்கு வரும். சினைப்பை என்றால், மார்பக, சினைப்பைப் புற்றுநோய்களோடு தொடர்புள்ள பிஆர்சிஏ1, பிஆர்சிஏ2 மரபணுக்கள் பக்கம் சந்தேகம் வலுக்கிறது. அத்தை உயிரோடு இல்லை. அவருடைய மகனைத் தேடிப் பிடிக்க வேண்டும். விஷயத்தை விளக்கி, ஒப்புதல் படிவத்தில் கையெழுத்து வாங்கி, சிகிச்சை நடந்த மருத்துவமனையின் பதிவேட்டுப் பிரிவுக்கு எழுதி, பழைய பயாப்ஸி ரிப்போர்ட்டைத் தேடச் சொல்ல வேண்டும். கிடைக்கும்வரை விடாமல் கேட்டுக்கொண்டே இருக்க வேண்டும். எந்த மரபணுவைச் சோதிப்பது, முடிவு நெகடிவ் என்று வந்தால் அதை எவ்வளவு நம்பலாம் என்பதெல்லாம் அந்தத் தாளைப் பொறுத்தது. இவ்வளவும் முடிந்தபின் அந்தப் பெண் கீமோ காரணமாக வர முடியாமல் போனால், அந்த வாரக் கணக்கில் இந்த வேலைக்கு விழுவது பூஜ்யம்.

பார்த்த பின்னால் வரும் வேலை இதைவிட அதிகம். லேப் ரிப்போர்ட்டில் ஏதோ ஒரு மரபணுவில் ஒரே ஓர் எழுத்து மாறியிருக்கிறது, 'முக்கியத்துவம் உறுதியாகாத மாற்றம்' என்று வருகிறது. வியூஎஸ் என்று சுருக்கிச் சொல்வோம். அமெரிக்க மருத்துவ மரபியல் அமைப்பான ஏசிஎம்ஜி 2015-ல் வெளியிட்ட வழிகாட்டுதலின்படி ஒரு மாற்றத்தை ஐந்து படிகளில் ஒன்றில் வைக்க வேண்டும். ஒரு முனையில் நோய் தருவது, மறுமுனையில் தீங்கற்றது, நட்டநடுவில் இது. நடுப்படியில் வந்து விழுந்த ரிப்போர்ட்டை எடுத்துக்கொண்டு கம்ப்யூட்டர் முன் உட்கார்ந்தால் நேரம் போவதே தெரியாது. பொதுமக்கள் பலரின் மரபணுத் தகவலைத் தொகுத்த நோமாட் தரவுத்தளத்தில் இந்த மாற்றம் எத்தனை பேரிடம் இருக்கிறது? லேப்கள் தங்கள் வகைப்பாட்டைப் பதியும் கிளின்வார் தளத்தில் மற்ற லேப்கள் என்ன சொல்லியிருக்கின்றன, அதில் எது பழைய பதிவு, எது புதியது? ஆய்வுக் கட்டுரையில் வரும் நோயாளியின் அறிகுறிகள் நம் நோயாளிக்குப் பொருந்துகின்றனவா? குடும்பத்தில் நோய் வந்த இன்னொருவரிடம் இதே மாற்றம் இருக்கிறதா என்று பார்க்க வழி உண்டா? பிறகு லேபுக்கு ஒரு போன். அதற்கும் பிறகுதான் நோயாளியிடம் பேச்சு. இதை வைத்து அறுவை சிகிச்சை முடிவு எதையும் எடுக்க வேண்டாம், ஆனால் உங்கள் குடும்ப வரலாற்றுக்கு ஏற்ற கண்காணிப்பை விடாமல் தொடருங்கள் என்று, பயமும் ஏற்றாமல் அலட்சியமும் வராமல் சொல்ல வேண்டும். தெளிவான பாசிடிவ் முடிவைச் சொல்வதைவிட இது கடினமான உரையாடல். என் அனுபவத்தில் நேரமும் இதற்குத்தான் அதிகம் பிடிக்கிறது.

ஆலோசகர்களின் நேரத்தை அளந்த ஆய்வுகள் பல வந்திருக்கின்றன. நோயாளி எதிரில் இருக்கும் நேரத்தைவிட அவருக்காக அவர் இல்லாதபோது செலவாகும் நேரம் அதிகம் என்பதை அவை திரும்பத் திரும்பக் காட்டியிருக்கின்றன. அமெரிக்காவில் இது பில்லிங் குறியீடு வரைக்கும் போயிருக்கிறது. 2007-ல் வந்த 96040 என்ற குறியீடு நேருக்கு நேர் பேசும் நேரத்தை 30 நிமிட அலகுகளாக மட்டும் எண்ணியது. 2025 ஜனவரி 1 முதல் அதன் இடத்தில் 96041 வந்திருக்கிறது. இதில் நோயாளியைப் பார்க்கும் நாளில் ஆலோசகர் அவருக்காகச் செலவிடும் மொத்த நேரமும் சேரும். நல்ல மாற்றம், மனதார வரவேற்கிறேன். ஆனாலும் 'அந்த நாளில்' என்ற எல்லை இருக்கிறது. முந்தின வாரம் பயாப்ஸி ரிப்போர்ட்டைத் துரத்தியதும், அடுத்த வாரம் வியூஎஸ்ஸோடு மல்லுக்கட்டியதும் இன்னமும் அதற்கு வெளியேதான்.

'ஒரு நோயாளி' என்ற அலகுக்குள் இருக்கும் பாரமும் ஏறிக்கொண்டே போகிறது. 2013 மே மாதம் நடிகை ஏஞ்சலினா ஜோலி தன் பிஆர்சிஏ1 மாற்றம் பற்றி எழுதினார். அந்த ஜூன், ஜூலையில் பிரிட்டனின் குடும்பப் புற்றுநோய் மையங்களுக்கு வந்த ரெஃபரல்கள் முந்தைய ஆண்டின் அதே மாதங்களைப்போல ஏறக்குறைய இரண்டரை மடங்கு. அதே ஜூனில், இயற்கையில் உள்ள டிஎன்ஏவுக்குக் காப்புரிமை செல்லாது என்று அமெரிக்க உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. பிஆர்சிஏ சோதனையை மற்ற லேப்களும் செய்ய வழி திறந்தது. பல லேப்கள் அந்த இரண்டு மரபணுக்களை மட்டும் பார்க்கும் சோதனையிலிருந்து, பல மரபணுக்களை ஒன்றாகப் பார்க்கும் பேனலுக்கு மாறின. எக்ஸோம் செய்யும்போது, தேடி வந்த நோய்க்குச் சம்பந்தமில்லாவிட்டாலும் தெரிவிக்கலாம் என்று ஏசிஎம்ஜி பரிந்துரைக்கும் மரபணுக்கள் 2013-ல் 56 இருந்தன, 2023-ல் 81. ஒவ்வொரு பெயர் கூடும்போதும் ஒப்புதல் பேச்சும் விளக்கக் கடிதமும் நீள்கின்றன. தலைக்கணக்கில் இது எதுவும் தெரியாது.

நிர்வாகத்தில் இருப்பவர்கள் எதை விட்டாலும் அடுத்து வருவதை மட்டும் படித்துவிடுங்கள். இப்போது பல இடங்களில் சோதனைக்கு முந்தைய ஆலோசனையைப் புற்றுநோய் மருத்துவர்களே செய்துவிடுகிறார்கள். வேறு சில இடங்களில் அடிப்படை விளக்கத்தை வீடியோவாகக் கொடுத்துவிடுகிறார்கள். காத்திருப்புப் பட்டியல் குறைய இது நல்ல வழி, எனக்கு இதில் முழு உடன்பாடு. ஆனால் இப்படி விலகிப்போவது எளிதான கேஸ்கள். ஆலோசகர் மேசைக்கு மிஞ்சி வருபவை வியூஎஸ், முரண்பட்ட ரிப்போர்ட், பிளவுபட்ட குடும்பம், கர்ப்பத்தின் நடுவே வரும் அவசர முடிவு. ஆகவே வாரத்துக்குப் பார்க்கும் எண்ணிக்கை குறையும், வேலை கூடும். இந்த இரண்டும் சேர்ந்தே நடக்கும். எண்ணிக்கை மட்டும் தெரியும் அதிகாரி உற்பத்தித்திறன் சரிந்துவிட்டது என்று எழுதுவார். சீர்திருத்தத்துக்கு முழு மனதோடு ஒத்துழைத்த குழுவின் மேலேயே இந்தப் பழி விழும்.

அப்படியானால் எப்படித்தான் அளப்பது? கேஸுக்கு எடை கொடுக்க வேண்டும். புதிய கேஸா தொடர் கேஸா, முடிவு எந்த வகை, எத்தனை உறவினர்களைத் தொடர்புகொள்ள வேண்டியிருந்தது, மொழிபெயர்ப்பாளர் தேவைப்பட்டாரா, கர்ப்பகாலக் கெடு இருந்ததா என்று நாலைந்து விவரம் போதும். எடையை மேலே இருப்பவர்கள் ஊகித்து நிர்ணயிக்கக் கூடாது. சில வாரங்கள் உண்மையான நேரக் குறிப்பு எடுத்து அதிலிருந்து வர வேண்டும். அதே குறிப்பில், படிவம் துரத்துவது, சாம்பிள் கிட் அனுப்புவது மாதிரி உதவியாளர் செய்யக்கூடிய வேலை எவ்வளவு என்பதும் தனியாகத் தெரிந்துவிடும். பல இடங்களில் இன்னொரு ஆலோசகரைவிட முதலில் தேவைப்படுவது நல்ல உதவியாளர் என்பது என் கருத்து. ஒன்றை மட்டும் குறிப்பு தொடங்கும் முன்பே எழுத்தில் உறுதி செய்துகொள்ளுங்கள்: இதை வைத்துத் தனிநபர்களை ஒப்பிடக் கூடாது. அந்த உறுதி இல்லையென்றால் எல்லோரும் பாதுகாப்பான எண்ணையே எழுதுவார்கள், உழைப்பு வீண்.

மனச்சுமைக்கும் மதிப்பெண் போடலாம் என்கிறார்கள் சில நண்பர்கள். எனக்கு அதில் சம்மதம் இல்லை. குழந்தை பிழைக்காது என்று ஒரு தம்பதியிடம் சொன்ன அரை மணி நேரத்துக்கு எத்தனை புள்ளி என்று மேசையைச் சுற்றி உட்கார்ந்து பேரம் பேச என்னால் முடியாது. அதை அட்டவணையில் தீர்க்கலாம். அப்படிப்பட்ட அப்பாயிண்ட்மென்டுக்கு அடுத்த நேரத்தை யாருக்கும் கொடுக்காமல் காலியாக விடுவதை விதியாகவே வைக்கலாம்.

கடைசியாக, எந்த வாரக் கணக்கிலும் வராத ஒன்று. இன்று வியூஎஸ் என்று சொல்லி அனுப்பும் ஒவ்வொருவருக்கும் நாளை வகைப்பாடு மாறலாம். பெரும்பாலும் தீங்கற்றது பக்கம் போகும், சிலருக்கு மறுபக்கம். திருத்திய ரிப்போர்ட் வந்தால் கோப்பை எடுத்து, முகவரி மாறியவரைக் கண்டுபிடித்து, மறுபடி அழைத்துப் பேச வேண்டும். புதிதாக ஒருவர்கூட வராத ஆண்டிலும் இந்தப் பட்டியல் கரையாது. அடுத்த பணியிடக் கோரிக்கையில் இந்தப் பட்டியலில் எத்தனை பேர் இருக்கிறார்கள் என்பதற்கும் ஒரு பத்தி சேருங்கள். துறை நண்பர்களே, உங்கள் பிரிவில் அப்படி ஒரு பட்டியல் இருக்கிறதா, அதைப் பார்ப்பது யாருடைய பொறுப்பு என்று கமென்டில் எழுதுங்கள்.