டாம் ராபின்சன் விடுதலை ஆகவில்லை

ஹார்ப்பர் லீயின் 'டு கில் எ மாக்கிங்பேர்ட்' (1960) நாவலில், பொய்ப்புகாரில் சிக்கிய கறுப்பினத்தவர் டாம் ராபின்சனை வழக்கறிஞர் அட்டிகஸ் வாதாடி விடுவிக்கிறார் என்றொரு பதிவு பரவுகிறது. தவறு. அலபாமாவின் மேகோம் ஊரில், வெள்ளையர் மட்டுமே அமர்ந்த ஜூரி அவரைக் குற்றவாளி என்கிறது.

புகார் சொன்ன வெள்ளைப் பெண்ணுக்கு முகத்தின் வலப்பக்கம் காயம்; அடித்தவர் இடக்கைக்காரராக இருக்கவே வாய்ப்பு அதிகம். டாமின் இடக்கையோ சிறுவயதிலேயே பருத்தி இயந்திரத்தில் சிக்கிச் செயலிழந்தது. கண்ணெதிரே பார்த்தும் தண்டித்தார்கள். பிறகு சிறையிலிருந்து தப்ப ஓடியவர் மீது 17 குண்டுகள் பாய்ந்தன.

நிச்சயம் விடுதலைதான் என்று நம்பியிருந்த அட்டிகஸின் மகன் ஜெம், தீர்ப்பைக் கேட்டு அழுகிறான். பதிவு சொல்லும் கதையில் அந்தச் சிறுவனின் கண்ணீருக்கு இடமே இல்லை.