அதிகாரி கையில் போகும் படிவமா?

சீனப் பெண் போலீசாரிடம் மன அழுத்தக் கேள்வித்தாளைச் சோதித்தது பற்றி உங்கள் கட்டுரையில் நன்றாக எழுதியிருக்கிறீர்கள், ஆனால் அதை ஆங்கிலத்திலிருந்து சீனத்துக்கு மொழிபெயர்த்ததை இரண்டே வரியில் கடந்துவிட்டீர்களே, அங்கேதானே சிக்கலே! அமெரிக்க உளவியலாளர் ஷெல்டன் கோஹன் குழுவினர் 1983இல் ஆங்கிலத்தில் வெளியிட்ட மன அழுத்த அளவுகோலையே எடுத்துக்கொள்ளுங்கள். 14 கேள்விகள், ஒவ்வொன்றுக்கும் 0 (ஒருபோதும் இல்லை) முதல் 4 (மிக அடிக்கடி) வரை மதிப்பெண். 'எல்லாம் என் கைக்குள் இருக்கிறது என்று எத்தனை முறை உணர்ந்தீர்கள்' என்பது போன்ற கேள்விகளுக்கு, அடிக்கடி என்றால் அழுத்தம் குறைவு என்பதால், மதிப்பெண்ணைத் திருப்பிப் போட்டுத்தான் (4க்கு 0, 0க்கு 4) கூட்ட வேண்டும். சீனத்தில் மன அழுத்தத்துக்குச் சொல்வது 'யாலி', நம் அழுத்தம் போலவே இயற்பியல் பாடத்திலும் வரும் சொல்.

சரி, சொல் பொருந்திவிட்டது என்றே வைத்துக்கொள்வோம். இரவுப் பணி முடித்து வந்த பெண் காவலர், படிவம் மேலதிகாரி கைக்குப் போகும் என்று நினைத்தால் 4ஐ வட்டமிடுவாரா? பெயரில்லாமல், உறையில் ஒட்டி வாங்க வேண்டும்.