சர்வரை என்றென்றும் நடத்தச் சொல்லி யாரும் கேட்கவில்லை

வீடியோ கேம் நிறுவனங்கள் காலமெல்லாம் சர்வர் (விளையாட்டை இணையம்வழி இயக்கும் கணினி) நடத்த வேண்டும் என்று, விற்ற விளையாட்டுகளை ஆட முடியாமல் செய்வதை எதிர்க்கும் 'ஸ்டாப் கில்லிங் கேம்ஸ்' இயக்கத்தினர் அடம்பிடிப்பதாக ஒரு தகவல் பரவுகிறது. இது தவறு. ஐரோப்பிய ஒன்றியத்துக்கான அவர்களது கோரிக்கை மனுவைப் படித்தாலே தெரியும்: ஆதரவை நிறுத்தும்போது விளையாட்டை ஆடக்கூடிய நிலையில் விட்டுச் சென்றால் போதும், அதன் பிறகு நிறுவனம் எதுவும் செலவழிக்க வேண்டியதில்லை. விளையாட்டின் பதிப்புரிமையையும் அவர்கள் கேட்கவில்லை.

அவர்களது கோபம் நியாயமானது. 2014இல் வந்த 'தி க்ரூ' கார்ப் பந்தயத்தைத் தனியாளாகவே ஆடலாம். ஆனாலும் இணையத் தொடர்பு கட்டாயம். 2024 மார்ச் 31 அன்று அதை வெளியிட்ட யூபிசாஃப்ட் நிறுவனம் சர்வரை மூடியதும், காசு கொடுத்து வாங்கிய வட்டு வெறும் பிளாஸ்டிக் ஆகிவிட்டது. பத்து லட்சத்துக்கும் மேற்பட்டோர் அந்த மனுவில் சும்மா கையெழுத்திடவில்லை. இது முடியாத காரியமும் அல்ல: 'தி க்ரூ 2'க்கு ஆஃப்லைன் (இணையமின்றி ஆடும்) வசதி தருவதாக அதே நிறுவனம் 2024 செப்டம்பரில் அறிவித்தது.