அந்தப் பெரியவர் கேட்டதில் என்ன தப்பு?

மன்னார்குடி மண்டபத்தில் ஒரு பெரியவர் மகளின் எம்பிஏ செலவைப் பற்றிக் கேட்ட வீடியோவை எல்லோரும் பார்த்திருப்பீர்கள். எனக்கே நாலு குரூப்பில் வந்துவிட்டது. கைதட்டும் படத்தோடு பகிர்ந்தவர்களில் என்னோடு படித்தவர்களும் இருக்கிறார்கள். அதுதான் தாங்க முடியவில்லை.

அவர் கேட்டது ஒரே கேள்வி. "ஐயா, பொண்ணு எம்பிஏ படிக்கணுங்குது. மொத்தமா எவ்வளவு ஆகும், முடிச்சா என்ன சம்பளம் வரும்?" மேடையில் இருந்தவர் சொன்ன பதில்: "பெரியவரே, படிப்புக்கு விலை பார்க்காதீங்க. நிலம் போனா வாங்கிக்கலாம், வயசு போனா வாங்க முடியுமா?" மண்டபமே தட்டுகிறது. அவர் மைக்கைத் திருப்பிக் கொடுத்துவிட்டு உட்காருகிறார். எவ்வளவு ஆகும் என்று கடைசி வரை யாரும் சொல்லவில்லை.

கேட்க எழுந்தபோது தோளில் கிடந்த துண்டை எடுத்துக் கக்கத்தில் வைத்துக்கொண்டாரே, கவனித்தீர்களா? 2017இல் என் எம்பிஏ கடனுக்காக வங்கி மேனேஜர் முன்னால் எங்கள் அப்பா அப்படித்தான் நின்றார். மஞ்சப்பையில் சிட்டா, அடங்கல், என் மார்க் ஷீட். ஏழரை லட்சத்துக்கு மேல் கடன் வேண்டுமென்றால் ஈடு கேட்டார்கள். வயலை எடுத்துக்கொள்ள மாட்டோம், வீட்டுப் பத்திரம் கொண்டுவாருங்கள் என்றார்கள். டெல்டாக்காரர்களுக்குத் தெரியும், இங்கே பாதி வீடு கோயில் மனையிலும் மடத்து மனையிலும் நிற்கிறது. எங்களிடம் இருந்தது அடிமனை வாடகை ரசீதுதான். அதனால் 7 லட்சம் கடன், மீதி 4 லட்சத்துக்கு ஐந்து மா வயலில் (மூன்று மா ஒரு ஏக்கர்) இரண்டு மாவை விற்றார்.

கல்லூரிப் பெயர் வேண்டாம். அதிகபட்ச சம்பளம் இத்தனை லட்சம் என்று அவர்கள் போர்டு வைத்தது பொய் இல்லை. அது ஒருவருக்குக் கிடைத்தது. நாங்கள் அறுபது பேர். அறுபது பேரையும் சம்பள வரிசையில் நிறுத்தினால் முப்பதாவது ஆள் என்ன வாங்குகிறார்? எந்தக் கல்லூரியிலும் கேட்க வேண்டிய கேள்வி இது ஒன்றுதான். நான் கேட்கவில்லை, அப்பாவுக்குக் கேட்கத் தெரியவில்லை. இந்தப் பெரியவருக்குத் தெரிந்திருக்கிறது, கேட்டார், அவர் வாயை அடைத்துவிட்டீர்கள்.

எனக்கு முதல் மாதம் கையில் வந்தது 18,500. கடன் வசூல் பிரிவில் வேலை. தவணை 12,000. படித்து முடித்து ஒரு வருடம் கட்ட வேண்டாம் என்றுதான் வங்கியில் சொன்னார்கள். படிக்கிற இரண்டு வருடம், அப்புறம் அந்த ஒரு வருடம், ஆக மூன்று வருடமும் வட்டி ஓடிக்கொண்டே இருக்கும் என்பதை நான் கணக்கில் எடுக்கவே இல்லை.

இன்றைய கணக்கைச் சொல்கிறேன். 10 லட்சம் வாங்கினால் தவணை தொடங்கும்போது வட்டியோடு 12 லட்சத்தைத் தாண்டும். 12 என்றே வைப்போம். 11 சதவீதம், பத்து வருடம் என்றால் மாதம் 16,500. இந்தப் பக்கம் வயலைப் பாருங்கள். எங்களுக்கு சிஆர் 1009 நெல் ஏக்கருக்கு 35 மூட்டை கண்டால் நல்ல வருடம். அறுபது கிலோ மூட்டை, ஆக 21 குவிண்டால். குவிண்டால் 2,500 ரூபாய்க்குப் போட்டால் 52,500. உழவு, நடவு, உரம், அறுப்பு மிஷின், கொள்முதல் நிலையத்தில் ஆகிற செலவு எல்லாம் போக 17,000 மிஞ்சும். ஐந்து மாதம் பாடுபட்ட ஒரு ஏக்கர் சம்பா, ஒரே ஒரு மாதத் தவணை. இதைத் தெரிந்தவர் விலை கேட்காமல் வேறு யார் கேட்பது?

"அப்போ ஐஐஎம்மில் படித்தவர்கள் முட்டாளா?" என்று ஒரு தம்பி கேட்டிருந்தார். இல்லை தம்பி. திருச்சியில் 2011இல் ஐஐஎம் வந்தது, 1984இலிருந்து பிம் (பாரதிதாசன் மேலாண்மை நிறுவனம்) இருக்கிறது. கேட் (CAT) நுழைவுத் தேர்வு எழுதி அந்த மாதிரி இடத்தில் சீட் கிடைத்தால் செலவு கூடத்தான், ஆனால் வேலையும் அதற்குத் தகுந்தாற்போல் இருக்கிறது, பல வங்கிகள் ஈடில்லாமலே கடன் தருகின்றன. தமிழ்நாட்டு நுழைவுத் தேர்வான டான்செட் எழுதி அரசுக் கல்லூரி கிடைத்தால் செலவே வேறு. வேலை பார்த்துக்கொண்டே இக்னோ திறந்தநிலைப் பல்கலைக்கழகத்தில் ஒரு லட்சத்துக்குள் முடிக்கலாம். நான் எம்பிஏவே வேண்டாம் என்று சொல்லவில்லை. எந்த எம்பிஏ, என்ன விலைக்கு என்று கேட்கச் சொல்கிறேன். அதைக்கூடக் கேட்கக் கூடாதா?

"நீ மட்டும் படித்துவிட்டு இன்னொரு பெண்ணைத் தடுக்கிறாய்" என்று ஒரு அக்கா எழுதியிருந்தார். அக்கா, அதைப் படித்துவிட்டு ராத்திரி முழுக்கத் தூக்கமில்லை. பெண்பிள்ளைக்கு எதற்கு இவ்வளவு செலவு என்று ஊரே சொன்னபோது அப்பா ஒருத்தர்தான் எனக்காக நின்றார். கஜா அடித்த 2018 நவம்பரில் கொல்லையில் எட்டுத் தென்னை சாய்ந்து கிடந்தது, கூரை ஓடு ஒன்றுகூட மிச்சமில்லை. அந்த வாரமும் என் ஹாஸ்டல் பணத்தை நிறுத்தவில்லை. அந்த மனிதர் பட்ட பாட்டுக்கு ஒரு சரியான தகவல்கூட யாரும் தரவில்லை என்பதுதான் என் வருத்தம். படிப்பை நான் எங்கே தடுத்தேன்?

நிலம் போனால் வாங்கிக்கலாமாம். எங்கள் இரண்டு மாவை வாங்கியவர் கல் ஊன்றிப் போட்டுவிட்டார், கருவை மண்டிக் கிடக்கிறது. மேட்டூர் திறந்து வாய்க்காலில் தண்ணீர் வந்ததும் அப்பா மண்வெட்டியோடு போவார். மிச்சமிருக்கும் மூன்று மாவுக்கு மடை திறந்துவிட்டு நேராக வீட்டுக்கு வரலாம். வரமாட்டார். அந்தக் கல் வரைக்கும் நடந்து போய்க் கொஞ்ச நேரம் நிற்பார். போன வருடம் பின்னாலேயே போய், "வாங்கப்பா, வெயில் ஏறுது" என்றேன். "நீ போம்மா, வர்றேன்" என்றார்.

என் கடன் இன்னும் முடியவில்லை. அதைப் பற்றி அவர் ஒரு வார்த்தை கேட்டதில்லை.

வீடியோவில் இருக்கும் பெரியவரைத் தெரிந்தவர்கள் யாராவது இதைப் படித்தால், அவரிடம் என் நம்பரைக் கொடுங்கள். சனி, ஞாயிறு ஊரில்தான் இருப்பேன். பெண்ணையும் கூட்டிக்கொண்டு வரச் சொல்லுங்கள், அந்தக் கல்லூரி கொடுத்த கட்டண அட்டையையும் கையோடு எடுத்துவரச் சொல்லுங்கள். உட்கார்ந்து கணக்குப் போடலாம். அப்பாவும் கூட இருப்பார்.