ஜெனரேட் ஆன கோடில் கை வைக்காதீர்கள்

வாடிக்கையாளர் விவரத்தில் புதிதாக ஒரே ஒரு ஃபீல்டு சேர்க்கச் சொல்கிறார்கள். டேட்டாபேஸ் டேபிளை மாற்றணும், சர்வர் பக்கம் ஒரு கிளாஸ், ஏபிஐ, ஸ்கிரீன், வேலிடேஷன், டெஸ்ட், அப்புறம் டாக்குமென்ட். ஒரே விஷயத்தை ஏழு இடத்தில் எழுதுகிறோம், ஏதாவது ஓரிடத்தில் விட்டுப்போகிறது, அதைத் தேடிப் பிடிக்க இரண்டு நாள் ஓடிவிடுகிறது.

மாடல் டிரிவன் முறை இந்த இடத்துக்குத்தான். இங்கே மாடல் என்றால் ஏஐ மாடல் இல்லை. அந்த ஃபீல்டின் பெயர் என்ன, எந்த வகை, கட்டாயமா இல்லையா என்பதை ஒரே இடத்தில் எழுதி வைப்பது. மேலே சொன்ன ஏழையும் அதிலிருந்து ஜெனரேட்டர் என்கிற டூல் உண்டாக்கும்.

இதைச் சொன்னாலே சீனியர்கள் பலருக்குக் கோபம் வருகிறது. நியாயமான கோபம். மென்பொருள் தரங்களை வகுக்கும் ஓஎம்ஜி அமைப்பு, மென்பொருளைப் படமாக வரையும் யுஎம்எல் மொழியை 1997இல் ஏற்றுக்கொண்டது, மாடலிலிருந்தே கோடு எடுக்கும் எம்டிஏ முறையை 2001இல் அறிவித்தது, படம் வரைந்தால் போதும், மென்பொருள் தானாக வந்துவிடும் என்று பலர் நம்பினார்கள். அப்படி ஒரு புராஜெக்டில் நானும் இருந்தேன். ரிலீஸ் நெருக்கடியில் ஒருவர் ஜெனரேட் ஆன ஃபைலிலேயே நேராகத் திருத்திவிட்டார். அடுத்த முறை டூலை ஓட்டியதும் அந்தத் திருத்தம் அழிந்துபோனது. அதன்பிறகு ஜெனரேட்டரை ஓட்டவே எல்லோருக்கும் பயம். ஆறே மாதத்தில் படம் ஒன்று சொன்னது, கோடு வேறொன்று செய்தது. இரண்டு பேர் ஒரே நாளில் மாடலை மாற்றினால் மாடல் சேமித்திருக்கும் ஆயிரக்கணக்கான வரி எக்ஸ்எம்எல் ஃபைலில் இருவர் மாற்றங்களையும் ஒன்றாகச் சேர்க்கிற கொடுமை வேறு.

ஆனால் முறையே தோற்றுவிட்டது என்று சொன்னால் ஒப்புக்கொள்ள மாட்டேன். கூகுள் 2008இல் வெளியிட்ட புரோட்டோகால் பஃபர்ஸில், டேட்டாவின் வடிவத்தை விவரிக்கும் ஒரு புரோட்டோ ஃபைல் எழுதினால் சி++, ஜாவா, பைத்தான் மூன்றுக்கும் கோடு வருகிறது. ஏபிஐயை ஒரே ஃபைலில் விவரிக்கும் ஓபன்ஏபிஐயும் இதே சங்கதிதான். கார்களில் கட்டுப்பாட்டு லாஜிக்கை சிமுலிங்க் என்ற டூலில் வரைந்து, சிமுலேட் செய்து பார்த்து, சி கோடாக எடுக்கிறார்கள். ஏர்பஸ் விமானங்களின் பறப்புக் கட்டுப்பாட்டு மென்பொருளுக்கு ஸ்கேடு என்ற இதே வகை டூலைப் பயன்படுத்துகிறார்கள். இவையெல்லாம் நிற்பதற்குக் காரணம், எடுத்துக்கொண்ட வேலை குறுகலானது, ஜெனரேட் ஆனதை யாரும் கையால் தொடுவதில்லை.

எங்கள் டீமில் இப்போது நான் விட்டுக்கொடுக்காத சில விஷயங்கள் உண்டு. ஜெனரேட் ஆனவை தனி ஃபோல்டரில்தான் இருக்கணும், ஒவ்வொரு பில்டிலும் அதை அழித்துவிட்டுப் புதிதாக உண்டாக்குகிறோம், அதனால் கையால் செய்த திருத்தம் ஒருநாள்கூடத் தாங்காது. கையால் எழுத வேண்டியதை, ஜெனரேட் ஆன கிளாஸை இன்ஹெரிட் செய்யும், அதாவது அதன் மேல் கட்டும், தனி கிளாஸில் வெளியே எழுதுகிறோம். மாடல் சாதாரண டெக்ஸ்டாக இருக்கிறது, மாற்றங்களைப் பதிந்துவைக்கும் கிட் (Git) டூலில் யார் எந்த வரியை மாற்றினார் என்று படிக்கலாம். விதிவிலக்கு நிறைந்த பிசினஸ் விதிகளை மாடலுக்குள் திணிப்பதில்லை. திணித்தால் அதுவே பிழை தேட உதவும் டீபக்கர் இல்லாத ஒரு மோசமான புரோகிராமிங் மொழியாகிவிடும்.

ஏஐதான் ஏழையும் நொடியில் எழுதித் தருகிறதே என்று ஒரு இளைய நண்பர் கேட்டார். எழுதும், சரி. ஆனால் அந்த ஏழையும் ரிவ்யூ செய்யப்போவது நாம்தான், அடுத்த முறை அதே மாதிரி எழுதும் என்று உறுதியும் இல்லை. ஜெனரேட்டர் கோடை உண்டாக்கப் பயன்படுத்தும் டெம்ப்ளேட்டை எழுத ஏஐயைக் கேளுங்கள், அதை ஒருமுறை ஊன்றிப் படித்துச் சரிபார்த்துவிட்டால் அதன்பிறகு மாடலில் மாறிய அந்த ஒரு வரியைப் பார்த்தால் போதும். எங்கள் டீமில் போன வாரம்தான் வேலிடேஷனை இப்படி மாற்றி முடித்தோம். அடுத்தது டெஸ்ட் டேட்டா.