ஐயா, நொதி வெறும் காவலாளி இல்லை

ஞாயிற்றுக்கிழமை பாளையங்கோட்டை அறிவியல் கூட்டத்தில் நடந்தது உங்களில் பாதிப் பேருக்குத் தெரியும். மூன்று நாள் பொறுத்துப் பார்த்தேன், முடியவில்லை.

"வெளி டிஎன்ஏ எதுவும் பாக்டீரியாவுக்குள் நுழையாது, நொதிகள் எல்லாவற்றையும் வெட்டித் தள்ளிவிடும்" என்று மேடையில் சொன்னார்கள். பின்வரிசைப் பெண் ஒருத்தி எழுந்து, "அப்போ மருந்துக்கு அடங்காத குணம் ஒரு பாக்டீரியாவிலிருந்து இன்னொன்றுக்கு எப்படி சார் போகுது?" என்று கேட்டாள். "உட்காரும்மா, அதெல்லாம் மேல்படிப்பில் வரும்." அரங்கமே சிரித்தது.

அவள் கேட்டதுதான் சரி. அந்தக் குணம் டிஎன்ஏ வழியாகத்தான் போகிறது. நொதி வெட்டுகிறது, உண்மை. ஆனால் வெட்டுவதால்தான் டிஎன்ஏ உள்ளேயே போகிறது. நிமோனியாவைத் தரும் நிமோகாக்கஸ் பாக்டீரியாவின் மேற்பரப்பில் எண்ட்-ஏ என்று ஒரு நொதி இருக்கிறது. வந்து ஒட்டும் டிஎன்ஏவின் இரண்டு இழைகளில் ஒன்றை அது சிதைக்கும், மற்றது ஒற்றை இழையாக உள்ளே போகும். அந்த நொதி இல்லாத நிமோகாக்கஸில் உள்வாங்கலே படுத்துவிடுகிறது.

அம்மா பனங்கிழங்கை அவித்து, தோலை உரித்து, நகத்தால் நுனியைக் கீறி நெடுக இரண்டாகப் பிளப்பாள். தை மாதம் வகுப்புக்கு ஒரு கிழங்கைக் கொண்டுபோய்ப் பிள்ளைகள் முன்னால் அப்படித்தான் பிளந்து காட்டுவேன். ஒரு பாதி சிதையும், ஒரு பாதி உள்ளே போகும். கடைசி பெஞ்சுக்கும் புரியும். மேல்படிப்பு வேண்டியதில்லை.

"உள்ளே போனதும் ரெஸ்ட்ரிக்‌ஷன் நொதி வெட்டாதா?" என்று கேட்பீர்கள். நல்ல கேள்வி. வெளி டிஎன்ஏவைக் குறிப்பிட்ட இடங்களில் வெட்டும் அந்த நொதிகளைக் கண்டறிந்ததற்குத்தான் ஆர்பர், நேத்தன்ஸ், ஸ்மித் மூவருக்கும் 1978இல் நோபல் கிடைத்தது. ஆனால் அந்த நொதிகள் பெரும்பாலும் இரட்டை இழையைத்தான் வெட்டும். ஒற்றை இழையாக வருவது தப்பி, டிஎன்ஏ இழைகளை இணைக்க உதவும் ரெக்-ஏ புரதத்தின் துணையோடு மரபணுத் தொகுதியில் சேர்ந்துவிடுகிறது. உள்ளே போய் இரட்டையாக வேண்டிய பிளாஸ்மிடுக்கு, அதாவது தனியாக இருக்கும் வட்ட டிஎன்ஏவுக்கு, தடை அதிகம். தடையே இல்லை என்று நான் சொல்லவில்லை.

காலரா கிருமியை எடுத்துக்கொள்ளுங்கள். நண்டு, இறால் ஓட்டில் உள்ள கைட்டின்தான் அதற்கு வெளி டிஎன்ஏவை வாங்கும் திறனைத் தூண்டுகிறது. கிருமிகளின் கூட்டம் குறைவாக இருக்கும்போது டிஎன்எஸ் என்ற நொதி வெளியே கிடக்கும் டிஎன்ஏவைத் தின்றுவிடும். கூட்டம் சேர்ந்ததும் அந்த நொதியின் உற்பத்தி அடங்கிவிடும், உள்வாங்கல் ஏறும். எப்போது வெட்டுவது, எப்போது விடுவது என்று ஒரு கணக்கே இருக்கிறது. இதைப் போய் "வெட்டித் தள்ளிவிடும்" என்று ஒரே வரியில் முடிப்பதா?

"பொதுமக்களுக்கு எளிமையாகச் சொன்னார், விடேன்" என்று இரண்டு நண்பர்கள் போனில் சொன்னார்கள். எளிமை வேறு, தப்பு வேறு. மேடை கிடைக்காத ஆத்திரம் என்றும் ஒருவர் சொன்னாராம். எனக்கு மேடை வேண்டாம். அந்தச் சிரிப்புதான் இன்னும் காதில் கேட்கிறது. நானும் அப்படி ஒருநாள் கேள்வி கேட்டு உட்கார வைக்கப்பட்டவள். அப்புறம் அந்த வருஷம் முழுக்க வாய் திறக்கவில்லை.

கூட்டம் முடிந்து பஸ் நிறுத்தத்தில் அவளைப் பார்த்தேன். "நான் கேட்டது தப்பா மிஸ்?" என்றாள். "தப்பில்ல பிள்ள, சரியாத்தான் கேட்டே" என்று ஆரம்பிப்பதற்குள் ஸ்ரீவைகுண்டம் பஸ் வந்துவிட்டது. ஓடி ஏறிவிட்டாள். அவளுக்குச் சொல்ல வேண்டியதைத்தான் மேலே எழுதியிருக்கிறேன். அவளைத் தெரிந்தவர்கள் யாராவது இதைக் காட்டுங்கள்.